இடறினால் தெருமுனை

சாத்தூருக்குக் கிழக்கே போகிற பஸ்ஸெல்லாம் சற்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போகிற ஊர் ஒன்று உண்டு, அந்த ஊரில் பம்படித் தெரு என்று ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவில் நிதானமாக நடந்தவன் வீடு போய்ச் சேர்ந்தான், இடறினவன் தெருமுனைக்கே திரும்பி வந்து நின்றான், அப்படியும் ஒரு காலம் அங்கே நடந்தது. கல்லில் இடறினாலும் சரி, சைக்கிளில் முட்டினாலும் சரி, கால்விரலில் வலி அப்படியே இருக்கும், கையில் இருந்த காய்கறிப் பை அப்படியே இருக்கும், ஆள் மட்டும் சீனிச்சாமி அண்ணாச்சியின் டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நிற்பான். இதற்குக் காரணம் கூடலிங்கம் என்று பாதித் தெரு சொன்னது, கூடலிங்கம் உடைத்த பூசணிக்காய் என்று மீதித் தெரு சொன்னது.

கூடலிங்கம் முன்னே சிவகாசியில் காலண்டர் அச்சாபீசில் வேலை பார்த்தவன். அங்கே முருகன் ஒருத்தர்தான், அவருக்குக் கீழே கடைப் பெயர்தான் மாறும். ஜவுளிக்கடைக்கும் அதே முருகன், உரக்கடைக்கும் அதே முருகன், கல்யாண மண்டபத்துக்கும் அதே முருகன், எல்லாக் கடைக்காரர்களும் தங்கள் முருகன்தான் அழகு என்று ஆணியடித்து மாட்டிக்கொண்டார்கள். இந்த ஞானத்தோடு வேலையை விட்டுவிட்டு வந்தவன், போனில் விளையாடுகிற ஆட்டங்களும் ரெடிமேடாக விற்பனைக்குக் கிடைக்கின்றன என்று ஒரு நாள் கண்டபோது, சொந்த ஊர்க்காரரைப் பார்த்ததுபோல் துள்ளிவிட்டான். எந்த நாட்டிலோ உட்கார்ந்து எவனோ ஆட்டத்தை முழுசாகச் செய்து, அதன் உள்குடலோடு சேர்த்து டெம்ப்ளேட் என்று விற்கிறான். வாங்குகிறவன் படத்தை மாற்றலாம், பாட்டை மாற்றலாம், பெயரை மாற்றித் தன் ஆட்டம் என்று உலகத்துக்கு விடலாம். கூடலிங்கம் வாங்கிய ஆட்டத்தில் ஒரு முயல் காட்டுக்குள் ஓடும், பின்னால் கரடி துரத்தும், வழியெல்லாம் கேரட் தொங்கும். மரத்திலோ பாறையிலோ முயல் முட்டினால் பழையபடி காட்டின் வாசலுக்கே வந்து நிற்கும்.

முயலை எடுத்துவிட்டு மூஞ்சூறு வைத்தான், கேரட்டை எடுத்துவிட்டுக் கொழுக்கட்டை வைத்தான், பிள்ளையார் சதுர்த்திக்கு அனுப்பினான். ஆட்டங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிற அந்தப் பெரிய இணையக் கடைக்காரர்கள், இதே ஆட்டம் எங்களிடம் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். பொங்கலுக்குக் காளையை வைத்தான், திரும்பி வந்தது. தீபாவளிக்கு ராக்கெட்டை வைத்தான், போன வேகத்தில் திரும்பி வந்தது. அவன் வாங்கிய அதே முயலை உலகமெல்லாம் ஆயிரம் கூடலிங்கங்கள் வாங்கி, ஆளுக்கொரு சட்டை மாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"முயலுக்குச் சட்டை மாத்துனா மாமன் மகனாயிருமா?" என்று கேட்டாள் அவன் மனைவி தங்கபுஷ்பம். அவள் வீட்டில் கூழ்வத்தல் காய்ச்சி, பிழிந்து, வாசலில் பழைய சேலையை விரித்துக் காயவைத்து விற்கிறவள், பேசும்போதும் கை நிற்காது. "காடு எல்லா ஊர்லயும் இருக்கு. நம்ம தெருவுல ஓடச் சொல்லுங்க. இந்தக் குழியும் இந்த மேடும் எந்த நாட்டுக்காரன் வச்சிருக்கான்?"

கூடலிங்கம் அப்படியே எழுந்து போனோடு தெருவில் இறங்கினான். குழாயடிக் குடங்களைப் படம் பிடித்தான், குறுக்கே நிறுத்திய புல்லட்டைப் படம் பிடித்தான், யார் வீட்டுக் கட்டில், யார் வீட்டு உரல், மூடி போன சாக்கடை, வேகத்தடை, முருங்கைமரம், எதையும் விடவில்லை. காட்டை எடுத்துவிட்டுப் பம்படித் தெருவை வைத்தான், கேரட்டை எடுத்துவிட்டு உளுந்தவடையை வைத்தான், முயலை எடுத்துவிட்டுக் கைலி கட்டின தன்னையே வைத்தான். கரடி மட்டும் மிச்சம். பம்படித் தெருவில் கரடி ஓடுவது, மாமியார் வீட்டு விசேஷத்தில் போலீஸ்காரர் நிற்பதுபோல் ஒட்டாமல் இருந்தது. துரத்துகிற மாதிரி ஒரு முகம் வேண்டுமே என்று போனைத் துழாவியபோது, கூழ்வத்தலைத் தின்ன வந்த மாட்டைத் தங்கபுஷ்பம் அகப்பையோடு விரட்டின படம் ஒன்று அகப்பட்டது. தலை அவிழ்ந்து, முந்தானை பறக்க, அகப்பை வானத்தில் நிற்க, என்ன ஒரு படம்! மாட்டை வெட்டி எறிந்துவிட்டு அவளை மட்டும் எடுத்துக் கரடி இருந்த இடத்தில் ஒட்டினான். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அச்சாபீசில் புது மெஷின் வந்தால் எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் சுற்றி உடைத்துத்தான் ஓட்டுவார்கள். அந்த வழக்கம் விடாமல், ஆட்டத்தை அனுப்புகிற அன்று கூடலிங்கம் தெருமுனையில் ஸ்டூல் போட்டு, போனுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சூடம் ஏற்றின பூசணிக்காயைத் தெருவைப் பார்த்தபடி வளையம் வளையமாகச் சுற்றினான்.

"கூடலிங்கம், போனுக்குச் சுத்துறியா, தெருவுக்குச் சுத்துறியா?" என்றார் சீனிச்சாமி அண்ணாச்சி, டீ ஆற்றிக்கொண்டே.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி. தெருவே இதுக்குள்ளதான இருக்கு."

பூசணிக்காய் உடைந்தது. கவுன்சிலர் பரமேஸ்வரி அக்கா அந்தப் பக்கமாகச் சாக்கடையைப் பார்வையிடப் போய், நடுத்தெருவில் புல்லட்டின் சைலன்சரில் முழங்காலை இடித்துக்கொண்டு, "ஆத்தாடி" என்று குனிந்து, நிமிர்ந்தபோது டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நின்றார். நாலு பக்கமும் பார்த்தார். முழங்காலைத் தடவினார். "அண்ணாச்சி, சீனி கம்மியா ஒண்ணு போடுங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

இந்த முறை ஆட்டம் திரும்பி வரவில்லை. இப்படி ஒரு தெரு எங்களிடம் இல்லை என்று கடைக்காரர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சாயந்தரத்துக்குள் ஊர் முழுக்கப் போனில் கைலி கட்டின கூடலிங்கம் ஓடினான், வடை தின்றான், குடத்தில் முட்டினான். குழாயடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் ஒரு போனைச் சுற்றிக் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தபோது தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் தன்னையே பார்த்தாள். அகப்பையோடு பாய்ந்து வருகிறாள், வாயைத் திறக்கிறாள், திறந்த வாயிலிருந்து வந்த சத்தம் கரடியுடையது. முகத்தை மாற்றின மனுஷன் சத்தத்தை மாற்ற மறந்துபோனான்.

வீட்டுக்கு வந்து துணியைப் பையில் அடைத்தாள். "நான் துரத்துனது மாட்டை. ஒங்களை ஒருநாளாச்சும் துரத்தியிருக்கேனா? நீங்க போனை நோண்டி முடிச்சு வர்ற வரைக்கும் சோத்தை மூடி வச்சுக்கிட்டு உக்காந்து கெடந்தவ நான். தெருவை வைங்கன்னு சொன்னதும் நான். அதுக்கு எனக்குக் கரடிச் சத்தமா?"

"புஷ்பம், அது டெம்ப்ளேட்ல இருந்த சத்தம்..."

"அந்த டெம்ப்ளேட்டையே கட்டிக்கிட்டு சோறு பொங்கித் தின்னுங்க."

அவள் பிறந்த வீடு அதே தெருவின் கடைசி வீடு. கோபத்தில் நடந்தவள் குடத்திலும் முட்டவில்லை, கட்டிலிலும் முட்டவில்லை, காற்றுப்போல் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தெருவுக்கு இந்த அதிசயம் பழகின விதத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதிசயத்தையாவது நம்பிவிடுவீர்கள். முதலில் நகராட்சியிலிருந்து ஆபீசர் வந்தார், தெருவை அளக்க டேப்பை விரித்தார், தன் டேப்பிலேயே கால் தடுக்கி டீக்கடைக்கு வந்து சேர்ந்தார், ஆட்சேபணை இல்லை என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். பிறகு தெரு அதன் சௌகரியத்தைக் கண்டுபிடித்தது. பஸ்ஸுக்கு நேரமானவர்கள் செருப்பை மாட்டி, தலையைச் சீவி, பையைத் தோளில் போட்டு, வாசல்படிக்கு வெளியே கிடக்கிற கல்லில் கட்டைவிரலை மெள்ள ஒரு தட்டுத் தட்டினார்கள், தெருமுனை பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். முட்டிவலிக்காரக் கிழவிகள் டீக்கடைப் பக்கத்து ரேஷன் கடைக்கு இப்படித்தான் போனார்கள். திரும்பி வரத்தான் பேரனை அழைத்தார்கள். வேண்டாத விருந்தாளி வருகிற வீட்டுக்காரர்கள் வாசலில் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்தார்கள். கோழி திருடினவன் ஒருத்தன் இருட்டில் ஓடி, உரலில் முட்டி, கோழியும் கையுமாகச் சீனிச்சாமி அண்ணாச்சி முன்னால் வந்து நின்றான், "கோழியைக் கீழ விட்டுட்டு டம்ளரைப் பிடி" என்றார் அவர். ஒரு கல்யாண ஊர்வலத்தில் நாகஸ்வரக்காரர் ஒருவர் மட்டும் கண்ணை மூடி வாசித்ததால் முட்டி முட்டித் திரும்பி வந்தார், மாப்பிள்ளை தெருக்கோடியில், மேளம் தெருக்கோடியில், நாகஸ்வரம் மட்டும் தெருமுனையில் கேட்டது, ஆனாலும் தாலி சரியான நேரத்தில் ஏறியது. கோட்டைச்சாமிப் பெரியவர் காலமானபோது, பம்படிச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனவர்கள் கால் தடுக்கித் தடுக்கிப் பாடையோடு திரும்பத் திரும்ப வந்து நின்றார்கள், மனுஷனுக்குத் தெருவை விட்டுப் போக மனசில்லை, கடைசியாக ஒரு டீ வாங்கி வையுங்கள் என்று யாரோ சொல்ல, டீயை வைத்த பிறகுதான் பாடை நேராகப் போனது. தெருவில் மாடு ஒன்றுதான் ஒரு நாளும் எதிலும் முட்டாமல் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தது, அதற்கு அவசரம் இல்லை.

அண்ணாச்சி இன்னொரு பெஞ்சு வாங்கிப் போட்டார்.

போய்ச் சேர முடியாமல் தவித்தவன் கூடலிங்கம் ஒருத்தன்தான். வெறுங்கையோடு தெருவில் நடந்து பழக்கமில்லாதவன், குனிந்த தலை போனுக்குள்ளேயே இருந்து பழகினவன், இப்போது போனைப் பையில் போட்டுவிட்டு நடந்தாலும் கால் எங்கே போகிறது என்று காலுக்கே தெரியவில்லை. அதோடு அவன் மாமியார் ராசாத்தியம்மாள் மரியாதை தெரிந்தவர், தூரத்தில் மருமகன் தலை தெரிந்ததுமே எழுந்து நின்று, "வாங்க மாப்ள, வாங்க, வாங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுவார், கூப்பிட்டுக்கொண்டே காலால் ஒரு குடத்தை நடுத்தெருவுக்குத் தள்ளுவார். "வெயில்ல வர்றீங்களே மாப்ள" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போடுவார். "மோரு குடிக்கிறீங்களா மாப்ள" என்பார், மோர் என்ற சொல் காதில் விழும்போது கூடலிங்கம் டீக்கடையில் நிற்பான்.

அண்ணாச்சி டம்ளரை நீட்டுவார். "எது வரைக்கும் போன?"

"முருங்கைமரம் தாண்டிட்டேன் அண்ணாச்சி."

"நேத்தைக்கு இது தேவலை."

கிட்டே போக முடியாவிட்டால் பேசியாவது பார்ப்போம் என்று, ஓடி வந்துகொண்டே பேசினான். கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே வளையல் சத்தம் கேட்டது. "புஷ்பம், நீ போனதிலேர்ந்து வீடு எவ்வளவு நிம்மதியா..." என்று தொடங்கினான். நிம்மதியாய் இருந்த வீடு இப்போது சுடுகாடாய்க் கிடக்கிறது என்று முடிக்க வேண்டியவன், நடுவிலே கட்டில்காலில் முட்டி டீக்கடைக்கு வந்துவிட்டான். பாதி வாக்கியம் அங்கேயே நின்றது. மீதியை எடுத்துக்கொண்டு அவன் மறுபடியும் தெருவெல்லாம் ஓடி வருவதற்குள் கதவு சாத்தி, உள்தாழ்ப்பாளும் விழுந்திருந்தது.

"மயினி, நிம்மதியா இருக்காம்ல ஒங்க வீட்டுக்காரருக்கு" என்று குழாயடியில் அதை ஊர் முழுக்க ஊற்றிவிட்டார்கள்.

கூடலிங்கம் வீட்டுக்கு வந்து ஆட்டத்தைத் திறந்து, தங்கபுஷ்பத்தின் படத்தை எடுத்துவிட்டான். எடுத்ததும் உள்ளே ஓடிக்கொண்டிருந்த கைலிக்காரன் நின்றுவிட்டான். வடை தொங்குகிறது, ஏறிட்டுப் பார்க்கவில்லை. தட்டிப் பார்த்தான், தேய்த்துப் பார்த்தான், அசையவில்லை. துரத்த ஆளிருந்தால்தான் ஓடுவான், அப்படித்தான் அந்த முகம் தெரியாத நாட்டுக்காரன் அவனைச் செய்திருந்தான். கூடலிங்கத்துக்குப் படம் மாற்றத்தான் தெரியும், உள்குடல் தெரியாது. மறுபடியும் கரடியை வைத்தால் ஆட்டம் பழையபடி ஓடும், ஆனால் அந்த இடத்தில் கரடியைப் பார்த்தாலும் அவனுக்கு அகப்பைதான் தெரிந்தது. தெருவின் நடுவில் தன்னந்தனியாக, கைலியோடு, போக வழி தெரியாமல் நிற்கிற தன்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, முதல்முதலாகத் திரும்பி வராமல் போன தன் ஒரே ஆட்டத்தைக் கடையிலிருந்து தானே திருப்பி எடுத்துக்கொண்டான்.

"எடுத்துட்டேன் அண்ணாச்சி" என்றான் மறுநாள் காலை.

"ஆட்டத்தையேவா?"

"ஆட்டத்தையே."

அண்ணாச்சி டீ ஆற்றுவதை நிறுத்தினார். தெரு பழையபடி ஆகிவிட்டதா என்று இருவரும் பார்த்தார்கள். பால்காரர் ஒருத்தர் வேகத்தடையில் தடுக்கிப் பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்று, "வணக்கம்" என்றார். தெரு அப்படியேதான் இருந்தது, அதற்கு ஆட்டம் தேவைப்படவில்லை.

"சரி, இதைச் சொல்லணும்ல புஷ்பத்துக்கிட்ட" என்றார் அண்ணாச்சி. டீக்கடையை விட்டு இறங்கி நடுத்தெருவில் நின்று குரல் கொடுத்தார். "ஏய், எல்லாரும் கேளுங்கப்பா! ஒரு மனுசன் பொண்டாட்டியைக் கூப்பிடப் போறான். ஒரு பத்து நிமிசம் தெருவை விடுங்க!"

பம்படித் தெரு மற்ற விஷயங்களில் எப்படியோ, இந்த விஷயத்தில் ஒன்றாக எழுந்தது. புல்லட் வீட்டுக்குள் போனது, கட்டில்கள் நிமிர்ந்து சுவரில் சாய்ந்தன, குடங்கள் இடுப்பேறின, உரலை நாலு பேர் உருட்டினார்கள், பரமேஸ்வரி அக்கா சாக்கடைக் குழிமேல் தானே பலகையைத் தூக்கிப் போட்டார், வேகத்தடைமேல் மண்ணைக் கொட்டிச் சரிவாக்கினார்கள். கல்லையும் ஓட்டுச்சில்லையும் பிள்ளைகள் பொறுக்கினார்கள். மாட்டை மட்டும் யாரும் நகர்த்தவில்லை, அதுவாகவே ஓரமாய் ஒதுங்கியது. பம்படித் தெரு போட்ட நாளிலிருந்து அப்படி வெறிச்சென்று இருந்ததில்லை, உள்ளங்கைபோல் கிடந்தது.

கூடலிங்கம் நடந்தான். ஓடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் மூச்சைப் பிடித்து நின்றார்கள். முருங்கைமரம் தாண்டினான், குழாயடி தாண்டினான், ராசாத்தியம்மாள் ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, கீழே வைக்கவும் முடியாமல் ஊரே பார்க்கிறதே என்று விழித்துக்கொண்டு நின்றார். உள்தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தங்கபுஷ்பம் நிற்கிறாள், அவிழாத தலை, கையில் அகப்பை இல்லை. அவன் அவளையே பார்த்துக்கொண்டு, "புஷ்பம்" என்று படியேறினான்.

பழைய காலத்து வாசல்நிலை, குனிந்து போக வேண்டிய நிலை. கூடலிங்கம் குனியவில்லை.

டீக்கடை பெஞ்சுக்கு முன்னால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.  அண்ணாச்சி டம்ளரை நீட்டவில்லை, நீட்ட மனம் வரவில்லை. "ஆட்டத்தை எடுத்துட்டேன்னு கூடச் சொல்லலை அண்ணாச்சி" என்றான் கூடலிங்கம்.  வெறிச்சென்ற தெருவில் குரல் தூரம் போகும், அது அந்தக் கோடி வரைக்கும் போனது.

அந்தக் கோடியில் தங்கபுஷ்பம் உள்ளே போனாள். போனவள் பையோடு வெளியே வந்தாள். தெருவில் இறங்கி இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள், கீழே பார்த்தாள். முட்டுவதற்கு ஒன்றுமில்லை.

"ஏன் இப்படித் துடைச்சு வச்சிருக்கீங்க?" என்று தெருவைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "அவசரத்துக்கு ஒரு கல்லுகூட இல்லை?"

தெரு குற்றவாளிபோல் கல்லைத் தேடியது. ராசாத்தியம்மாள்தான் இடுப்பிலிருந்த குடத்தை இறக்கினார். மகளைப் பார்த்தார், தூரத்தில் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்த மருமகனைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், குடத்தை மகளின் காலுக்கு நேராக வைத்தார்.

"மெள்ள முட்டு ஆத்தா. ஈயம் பூசினது."

குடம் உருண்ட சத்தம் அந்தக் கோடியில் கேட்டது. தங்கபுஷ்பம் இந்தக் கோடியில், கூடலிங்கத்துக்கு முன்னால், மூக்குக்கு மூக்கு நின்றாள்.

"இப்ப நான் ஒங்களைத் துரத்திக்கிட்டு வந்தேன்னு ஒருத்தனைச் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். "முன்னாடி வந்து நிக்கிறேன்."

"நிம்மதியா இருந்த வீடு சுடுகாடா கெடக்கு புஷ்பம்" என்றான் அவன். அந்த வாக்கியத்தை எப்படியாவது முடித்தாக வேண்டியிருந்தது அவனுக்கு.

"அதைச் சொல்றதுக்கு இத்தனை நாளா? நெத்தியைக் காட்டுங்க." முந்தானையை உருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, நெற்றியில் ஒற்றினாள். "போனுக்குள்ள இருக்கிறதை எல்லாம் மாத்தத் தெரியுது, வாசல்ல குனியுறதுக்கு மட்டும் படிக்கலை."

பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். அவர்கள் வீடு நடுத்தெருவில். ஆட்கள் பார்க்காததுபோல் கட்டிலை இறக்கினார்கள், புல்லட்டை வெளியே தள்ளினார்கள், உரலை உருட்டினார்கள், தெரு மெள்ள மெள்ளத் தெருவாகிக்கொண்டு வந்தது. கூடலிங்கம் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான், வழியைப் பார்க்கவில்லை, அப்போதுதான் இறக்கின கட்டிலில் முட்டினான், காணாமல் போனான்.

தங்கபுஷ்பம் நின்றாள். வீட்டு வாசல் எட்டுகிற தூரத்தில் இருந்தது. கட்டில்காரியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், பையை இறுக்கிப் பிடித்தாள், சேலையைச் சற்று உயர்த்தி அதே கட்டில்காலில் கட்டைவிரலை ஒரு தட்டுத் தட்டினாள்.

சீனிச்சாமி அண்ணாச்சி இன்னொரு டம்ளரையும் கழுவி வைத்திருந்தார்.